கப்பலேறிய பத்தாயம்

கணக்கு வாத்தியார் சிவசங்கரனைப் பற்றிக் கீழமாத்தூரில் யாரும் ஒரு குறை சொன்னதில்லை. குறை சொல்லும்படி அவர் எதையும் செய்ததில்லை. நிறை சொல்லும்படியும் செய்ததில்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை, அவ்வளவுதான். ஆளுங்கட்சிக்காரர்கள் மேடை போட்டால் அவர் வீட்டு பெஞ்சுதான் போகும். எதிர்க்கட்சி கேட்டாலும் போகும். சிவப்புக் கொடிக்காரர்கள் நிலம் வைத்திருப்பவர்களைத் திட்டுவதற்கென்றே கூட்டம் போட்டபோதும் அதே பெஞ்சுதான் போயிற்று. பேச்சாளர் அதன்மேல் ஏறி நின்று திட்டிவிட்டு, இறங்கியதும் செருப்புத் தடத்தைத் துண்டால் துடைத்துத் திருப்பி அனுப்பினார்.

அப்பா விட்டுப்போன நிலம் ஒன்றரை வேலி இருந்தது. காகிதத்தில் அது வாத்தியாரின் சொந்தச் சாகுபடி. வயலில் கோவிந்தராசுவின் சாகுபடி. கோவிந்தராசுவின் அப்பா பண்ணையாளாக இருந்த காலம் போய், இவன் விதை, உரம், ஆள்கூலி எல்லாம் தன் கையிலிருந்து போட்டு, அறுவடையில் குத்தகை நெல்லை வண்டியில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போவான். தலையாரியிலிருந்து தாசில்தார் வரை இது எல்லோருக்கும் தெரியும். தெரியாத ஒரே ஆள், எந்த வயலில் யார் சாகுபடி என்று அடங்கல் எழுதும் கணக்குப்பிள்ளை. அவர் கணக்கில் வாத்தியார் காலையில் ஏர் ஓட்டிவிட்டு, குளித்துவிட்டு, ஒன்பதரை மணிக்குப் பள்ளிக்கூடத்தில் அல்ஜீப்ரா நடத்திக்கொண்டிருந்தார்.

பிறகு, உழுகிறவன் பெயரைத் தாலுகா ஆபீசில் பதிந்து வைக்கலாம் என்று சென்னையில் சட்டம் வந்தது. சிவப்புக் கொடிக்காரர்கள் கோவிந்தராசுவைப் பார்த்து, போய்ப் பதிந்துவிட்டு வா, அப்புறம் உன்னை எவனும் வயலைவிட்டு இறக்க முடியாது என்றார்கள். அவன் நேரே வாத்தியாரிடம்தான் வந்தான். வாசல்படிக்குக் கீழே நின்றுகொண்டு கேட்டான்.

"பேரு பதியணுங்கிறாங்களே வாத்தியாரய்யா?"

"பதிஞ்சா கோர்ட்டு, கச்சேரின்னு அலையணும்ப்பா. ஆபீசர் யார் வந்து கேட்டாலும், சொந்தச் சாகுபடி, நான் கூலிக்கு வேலை பாக்குறேன்னு சொல்லிடு. உனக்கென்ன பயம்? நான் இருக்கேன்ல?"

அதில் பொய் ஏதும் இல்லை. அன்றைக்கு அவர் இருக்கத்தான் இருந்தார். கோவிந்தராசு சிவப்புக் கொடிக்காரர்களிடம் போய், "வாத்தியாரய்யா இருக்காரு" என்று சொல்லிவிட்டான். சில வருஷங்கள் அவர் இருந்துகொண்டும் இருந்தார்.

எழுபத்து நாலில் ஜாம்பியாவுக்கு வாத்தியார்கள் வேண்டும் என்று பேப்பரில் விளம்பரம் வந்தது. சிவசங்கரன் யாரிடமும் சொல்லாமல் எழுதிப்போட்டார், யாரிடமும் சொல்லாமல் சென்னைக்குப் போய்க் கேள்விகளுக்குப் பதில் சொன்னார், வேலையும் கிடைத்துவிட்டது. குடும்பத்தோடு போகலாம். வீட்டுச் சாமான்களைக் கப்பலில் கொண்டுவரும் செலவையும் அந்த நாட்டு அரசாங்கமே ஏற்கும். இந்தக் கடைசி விஷயத்தை அவர் மனைவி ஆனந்தத்திடம் சொல்லியிருக்கக் கூடாது. ஆப்பிரிக்காவில் முறம் கிடைக்குமா என்று அவள் கேட்டாள். அவருக்குத் தெரியவில்லை. அவருக்குத் தெரியாததையெல்லாம் கொண்டுபோவது என்று அவள் முடிவு செய்தாள்.

நிலத்தை மில்லுக்கார ரெத்தினம் வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். ஒரே ஒரு நிபந்தனை. நிலத்தின்மேல் வேறு யார் பெயரும் இருக்கக் கூடாது. வாத்தியார் ஊரைவிட்டுப் போகிறார் என்று தெரிந்த மறுநாளே கோவிந்தராசு தாலுகா ஆபீசில் போய் நிற்பான். அப்புறம் அந்த நிலத்தைச் சும்மா கொடுத்தாலும் யாரும் வாங்க மாட்டார்கள். ஆகவே, கிளம்புகிற வரைக்கும் கிளம்புகிற விஷயம் வெளியே தெரியக் கூடாது.

ஆனால் கப்பலில் போகும் பெட்டியை எப்படித் தெரியாமல் செய்வது? பெரிய பெட்டி, தேக்குப் பலகை, கூடத்தில் வைத்து நாள் பூராவும் சுத்தியல் சத்தம். தெருவில் கேட்டவர்களுக்கு வாத்தியார் ஒரு பதில் வைத்திருந்தார். புதுசாக ஒரு பத்தாயம் செய்கிறோம், நெல் கொட்டிவைக்க. தச்சர் தியாகராசனிடமும் அதையே சொல்லியிருந்தார். ஒரு பொய்யை எல்லோருக்கும் ஒரே மாதிரி சொல்வதுதான் நேர்மை என்று அவர் நினைத்திருக்க வேண்டும்.

கோவிந்தராசுவுக்கு அந்தப் பத்தாயத்தில் சந்தோஷம் தாங்கவில்லை. வயலில் குறுவை பால் பிடித்துக்கொண்டிருந்தது. கடைத்தெருவில் நின்று, இந்தத் தடவை எப்படி விளையும் என்று வாத்தியாரய்யாவுக்கே தெரிந்திருக்கிறது பாருங்கள் என்று போகிறவன் வருகிறவனிடமெல்லாம் சொன்னான். பலகைகளை வண்டியிலிருந்து அவன்தான் இறக்கினான். நெல்லில் பூச்சி விழாமல் இருக்க வேப்பிலையையும் நொச்சியையும் நிழலில் உலர்த்தி ஒரு சாக்கு நிறையக் கொண்டுவந்து கொடுத்தான். வாத்தியார் அதை வாங்கி வைத்துக்கொண்டார். வேறென்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. ஆனந்தத்துக்குத் தெரிந்தது. வெண்கலப் பானைக்கும் இட்லிக் குண்டானுக்கும் நடுவில் இடிபடாமல் இருக்க அந்த இலையைப் போட்டு அடைத்தாள்.

தச்சர் தியாகராசன் சொன்ன வேலையைச் செய்கிறவர். பத்தாயம் என்றார்கள், பத்தாயமாகவே செய்துவிட்டார். கனமான கால் வைத்து, மேலே மூடி போட்டு, அடியில் நெல் சரிந்து வருவதற்கு ஒரு சின்ன வாயும், அதற்கு ஏற்றி இறக்கும் பலகையும் வைத்தார். வாசல் நிலையைவிடப் பெட்டி ஒரு முழம் அகலம். கணக்கு வாத்தியார் பெட்டியின் கன அளவைத் துல்லியமாகப் போட்டுக் கப்பல் ஏஜெண்டுக்கு அனுப்பியிருந்தார். வாசலை அளக்கத் தோன்றவில்லை. பிற்பாடு கேட்டபோது தியாகராசன், "பத்தாயம் எதுக்குங்க வாசலைத் தாண்டணும்?" என்றார். நியாயமான கேள்வி.

அது நெல்லுக்குத் தட்டுப்பாடான வருஷம். மேடைக்கு மேடை பதுக்கல்காரர்களுக்கு எச்சரிக்கை விட்டுக்கொண்டிருந்தார்கள். பெரிய மிராசுகளின் களஞ்சியங்களை எட்டிப் பார்க்க முடியாத அதிகாரிகளுக்கு, ஒரு வாத்தியார் அறுவடைக்கு முன்னாலேயே அவசர அவசரமாகப் பத்தாயம் செய்கிறார் என்ற சேதி கிடைத்தால் விடுவார்களா? டீக்கடையில் கிளம்பிய பேச்சு தாலுகா ஆபீசுக்குப் போய்ச் சேர்ந்தது. மறுநாள் லாரி வரப்போகிறது என்றிருந்த அன்றைக்குக் காலை பத்து மணிக்கு, ரெவின்யூ இன்ஸ்பெக்டர், கணக்குப்பிள்ளை, தலையாரி மூவரும் வந்து இறங்கினார்கள்.

சோதனை சாட்சிகளுக்கு முன்னால் நடக்க வேண்டும், பெட்டியைத் தெருவுக்குக் கொண்டுவாருங்கள் என்றார் இன்ஸ்பெக்டர். நாலு பேர் தூக்கினார்கள். வாசல் நிலையில் வந்து இடித்து நின்றது. சாய்த்தார்கள், திருப்பினார்கள், வரவில்லை. இன்ஸ்பெக்டர் குனிந்து அடிவாய்ப் பலகையை மேலே தூக்கினார். தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டது. சலசலவென்று கொட்டியது சுண்டைக்காய் வற்றல்.

சட்டம் என்று ஒன்று இருக்கிறதே, பெட்டியைப் பாதியில் விட்டுவிட்டுப் போக முடியாது. ஒவ்வொரு சாமானாக எடுத்துத் தெருவில் வரிசை வைத்தார்கள். வெண்கலப் பானை வந்தது. ஆட்டுக்கல் வந்தது. அரிவாள்மணை, முறம், புளி உருண்டை, சாமி படம், குழந்தைகளின் கம்பளிச் சட்டை, துணியில் சுற்றிய அப்பா அம்மா போட்டோ. ஒவ்வொன்றோடும் உலர்ந்த வேப்பிலை உதிர்ந்தது. நெல் மட்டும் ஒரு மணி கிடையாது. ஒரு வீடு மொத்தமாகத் தெருவில் உட்கார்ந்திருந்தது. மூடியின் உள்பக்கத்தில் கறுப்பு மையில் சிவசங்கரன் பெயரும் லுசாகா, ஜாம்பியா என்ற முகவரியும் எழுதியிருந்ததைக் கணக்குப்பிள்ளை உரக்கப் படித்தார். அவருக்கு அன்றைக்குப் பார்த்துக் கண் நன்றாகத் தெரிந்தது.

கோவிந்தராசு ஓரமாக நின்றிருந்தான். கீழே குனிந்து ஒரு நொச்சி இலையை எடுத்துப் பார்த்தான். யாரையும் பார்க்கவில்லை.

நெல் இல்லை, சரி, போன அறுவடை எங்கே போயிற்று என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். கூட்டத்தில் இருந்த சிவப்புக் கொடிக்காரர் ஒருவர், அதை உழுதவனைக் கேளுங்கள், இதோ நிற்கிறான் என்று கோவிந்தராசுவைக் காட்டினார். அதிகாரி, கணக்குப்பிள்ளை, சாட்சிகள், எல்லோரும் ஒரே இடத்தில். தாலுகா ஆபீசே நடந்து அவனிடம் வந்திருந்தது.

"இந்த நிலத்தை நீதான் குத்தகைக்குப் பாக்குறியா?"

கோவிந்தராசு துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டான்.

"இல்லீங்க. அய்யா சொந்தச் சாகுபடிதாங்க. நான் கூலிக்கு வேலை பாக்குறேன்."

பாடம் நடத்திய வாத்தியார் பத்தடி தள்ளி நின்றிருந்தார். இருபது வருஷ வாத்தியார் வேலையில் ஒரு பையன்கூட அவர் சொல்லிக் கொடுத்ததை இப்படி எழுத்துப் பிசகாமல் ஒப்பித்ததில்லை. இன்ஸ்பெக்டர் அதை அப்படியே எழுதிக்கொண்டு, கோவிந்தராசுவிடம் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார். புத்தகத்தை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கிளம்பினார்.

"சார், ஒரு நிமிஷம்" என்றார் சிவசங்கரன்.

அவர் குரல் அவருக்கே வேற்றாள் குரல் மாதிரி கேட்டது. இன்ஸ்பெக்டர் திரும்பினார். கோவிந்தராசு அப்போதுதான் முதல்முறையாக நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தான். சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அவன் சொன்னது பொய், அவன்தான் உழுகிறவன். தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. கூடவே மில்லுக்கார ரெத்தினமும் வந்தார், பாஸ்போர்ட் வந்தது, கப்பல் வந்தது.

"காபி சாப்பிட்டுட்டுப் போங்க" என்றார்.

இன்ஸ்பெக்டர் ஊர்ப் பொதுச்சொத்தான அந்த பெஞ்சில் உட்கார்ந்தார். காபி பில்டர் தெருவில், ஆட்டுக்கல்லுக்குப் பக்கத்தில் கிடந்தது. ஆனந்தம் வாசலில் நின்று தேடுவதைப் பார்த்து, கோவிந்தராசுதான் அதை எடுத்து, ஒட்டியிருந்த வேப்பிலையைத் தட்டிவிட்டு, அவள் கையில் கொண்டுபோய்க் கொடுத்தான்.

மறுநாள் லாரி வந்தது. பெட்டியைத் தூக்க ஆள் வேண்டும், யாரைக் கூப்பிடுவது என்று வாத்தியார் கைபிசைந்து நின்றபோது, கோவிந்தராசு தானே கடப்பாரையோடு வந்துவிட்டான். சுவரை இரண்டு பக்கமும் கொத்தி நிலையைப் பெயர்த்தெடுத்துப் பெட்டியை வெளியேற்றினான். லாரியில் ஏற்றிக் கயிறு கட்டி முடித்த பிறகு, "சொல்லியிருந்தா சின்னப் பெட்டியா செய்யச் சொல்லியிருப்பேனே வாத்தியாரய்யா" என்றான். நிலையை மறுபடி நிறுத்திச் சுண்ணாம்பு பூசிவிட்டுப் போனான். ஊரைவிட்டுப் போகிற வழியில் திருவாரூரில் வாத்தியார் ரெத்தினத்துக்குக் கிரயப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார்.

பெட்டி கப்பலிலும் ரயிலிலும் இடிபட்டுப் பல மாதம் கழித்து லுசாகா போய்ச் சேர்ந்தது. அங்கே முறம் கிடைத்தது, இதைவிட நல்ல முறம். பெட்டியைத் துணி வைக்கும் அலமாரியாகப் போட்டுக்கொண்டார்கள். அடியில் எதற்கு ஓட்டை என்று குழந்தைகள் கேட்டார்கள். காற்று வருவதற்கு என்றார். விருந்தாளிகள் கேட்டாலும் அதேதான். ஒன்பது வருஷம் அந்த அலமாரியிலிருந்து எடுத்த சட்டையைத்தான் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனார். சட்டையில் லேசாக நொச்சி வாடை அடிக்கிறது என்று அவர் சொல்வார். இல்லை என்று ஆனந்தம் சொல்வாள்.

திரும்பி வந்து பழைய வீட்டைத் திறந்து குடியேறியபோது தச்சர் தியாகராசன் பார்க்க வந்தார். அவர்தான் சொன்னார். வாத்தியார் போன பிறகு கோவிந்தராசுவை ரெத்தினம் வயலில் இறங்கவிடவில்லை. சிவப்புக் கொடிக்காரர்கள் வரப்பில் கொடி நட்டு, வழக்கும் போட்டார்கள். கோர்ட்டில் ரெத்தினம் தரப்பார், நான் கூலிக்காரன் என்று அவன் கையெழுத்துப் போட்ட காகிதத்தைக் காட்டினார்கள். வழக்கு அதோடு முடிந்தது.

அதைக் கேட்ட பிறகு சிவசங்கரன் பஸ்ஸுக்குப் போகும்போதெல்லாம் வயல் வழியை விட்டுக் குளக்கரையைச் சுற்றிப் போனார். வெயிலில் நடந்தால் உடம்புக்கு நல்லது என்று சொல்லிக்கொண்டார். ஆனால் ஐப்பசி மழையில் குளக்கரை உடைந்து ஒரு நாள் வயல் வரப்பில்தான் போக வேண்டியிருந்தது. ரெத்தினத்தின் ஆட்கள் வரிசையாக நின்று களை பறித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஒரு நரைத்த தலை நிமிர்ந்தது.

"எப்ப வந்தீங்க வாத்தியாரய்யா? அம்மா சௌக்கியமா?"

சௌக்கியம் என்றார். ஒன்பது வருஷமாக மனதுக்குள் எழுதி எழுதி அழித்த பேச்சு ஒன்று இருந்தது. அதன் முதல் வார்த்தை எது என்று இப்போது நினைவுக்கு வரவில்லை.

"பத்தாயம் திரும்பி வந்துச்சுங்களா?"

"இல்லப்பா. அங்க பள்ளிக்கூடத்துத் தோட்டக்காரர்கிட்ட குடுத்துட்டேன்."

"அவரு என்ன பண்றாரு அத வச்சுக்கிட்டு?"

"மக்காச்சோளம் கொட்டி வச்சிருக்கார். அடியில அந்த வாய் இருக்குல்ல, அதுவழியா அள்ளிக்கிறார்."

கோவிந்தராசுவின் முகம் மலர்ந்தது. உண்மையாகவே மலர்ந்தது. அதுதான் சிவசங்கரனால் பார்க்க முடியவில்லை.

"அப்ப அது பத்தாயமாத்தான் ஆயிருச்சு" என்றான்.

பக்கத்து ஆள் ஏதோ சொல்லிச் சிரித்தான். கோவிந்தராசு சிரிக்கவில்லை. கையிலிருந்த களையை வரப்பில் போட்டுவிட்டு, இன்னும் ஏதாவது உண்டா என்பது போல நின்றான். அன்றைக்குத் தெருவில் நிமிர்ந்து பார்த்தானே, அதே பார்வை. சிவசங்கரன் வாயைத் திறந்தார்.

"வீட்டுக்கு வாயேம்ப்பா. ஒரு காபி சாப்பிட்டுட்டுப் போகலாம்."

கோவிந்தராசு வரப்பின் கோடியில் குடை பிடித்து நின்ற மேஸ்திரியைத் திரும்பிப் பார்த்தான்.

"வேலை நேரங்க" என்று சொல்லிவிட்டுக் குனிந்துகொண்டான்.