மலபத் சுமந்த அம்மா

அம்மா மறைந்து ஓராண்டு நிறைகிறது. திதிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் மூத்த மகளாகிய நான் எழுதுவது இது. இப்படியான மலர்களில், இறந்தவர் யாரையும் கடிந்து பேசாதவர், யார் மனதையும் நோகடிக்காதவர் என்றுதான் எழுதுவார்கள். எங்கள் அம்மாவைப் பற்றி அப்படி எழுதினால் தெரிந்தவர்கள் சிரிப்பீர்கள். அம்மா கடிந்து பேசுவார். எதையும் மறக்க மாட்டார். மறந்துவிடு என்று புத்தி சொன்னவர்கள் யார் யார் என்பதையும் சேர்த்து ஞாபகம் வைத்திருப்பார்.

அம்மா பிறந்தது கரவனெல்லைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். அப்பாவைக் கட்டிக்கொண்டு கஹவத்தைக்கு உள்ளே இருக்கும் எங்கள் ஊருக்கு வந்து, மறுவாரமே பால்வெட்டுக் கத்தியைக் கையில் எடுத்தார். அந்த ஊருக்குப் பெயர் மூன்று. சிங்களவர்களுக்குத் தெல்கஹவத்த. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் இருந்த எங்களுக்கு ஈரப்பலாத் தோட்டம். சந்தியில் கடை வைத்திருந்த முஸ்லிம்களுக்கு ஈரப்பலாச் சந்தி. மூன்றுக்கும் காரணம் சந்தியில் நின்ற ஒரே ஈரப்பலா மரம்தான். ரோட்டை அகலமாக்கும்போது மரத்தை வெட்டிவிட்டார்கள். இப்போது பஸ்ஸில் ஒரு பெயர்தான் எழுதியிருக்கிறது. அது எது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஓடைக்கரையில் வயல் வைத்திருந்த சிங்களவர்கள்தான் முதலில் இருந்தவர்கள். வெள்ளைக்காரன் மலையில் ரப்பர் நட்டபோது எங்கள் ஆட்கள் வந்தார்கள். எங்கள் சம்பள நாளை நம்பி முஸ்லிம் வியாபாரிகள் வந்தார்கள். மூன்று சனமும் அண்ணன் தம்பியாக வாழ்ந்தோம் என்று நான் கதை விட மாட்டேன். பெண் கொடுத்து எடுத்தது கிடையாது. மாடு வயலில் இறங்கினால் சண்டை, ஓடைத் தண்ணீரைத் திருப்பினால் சண்டை. ஆனால் சாவு விழுந்தால் மட்டும் ஓர் ஒழுங்கு இருந்தது.

மலேரியா ஊர் ஊராக ஆளை வாரிக்கொண்டு போன காலத்தில் அது தொடங்கியதாகச் சொல்வார்கள். சாவு விழுந்த வீட்டில் எழுந்து நின்று சோறாக்க ஆள் இருக்காது. சொந்தக்காரர்களும் காய்ச்சலில் கிடப்பார்கள். அதனால் எந்தச் சனத்தில் இழவு விழுந்ததோ, மற்ற இரண்டு சனமும் சோறாக்கி அனுப்பியது. காய்ச்சல் போன பிறகும் அந்தப் பழக்கம் நிலைத்துவிட்டது. சிங்களவர்கள் தங்களுக்குள் இழவு வீட்டுக்குக் கொடுக்கிற சோற்றை ‘மலபத்’ என்பார்கள். செத்தவருக்கான சோறு என்று பொருள். எங்கள் லயத்திலும் அதே சொல்தான் வழங்கியது. சின்ன வயதில் அந்தச் சொல்லைக் கேட்டு நானும் தம்பியும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருக்கிறோம். ஏன் என்று தமிழ் தெரிந்தவர்களுக்கு விளங்கும்.

மலபத்துக்கென்று விதிகள் உண்டு. சிங்கள வீட்டுக்குப் போவதென்றால் சோற்றோடு பூசணிக்காய், பருப்பு, கருவாடு. தமிழ் வீட்டுக்கு வருவதில் கருவாடு இருக்காது, கருமாதி முடியும்வரை நமக்குக் கவுச்சி சேராது என்று வயல்கரைப் பெண்களுக்குத் தெரியும். முஸ்லிம் வீட்டுக்கு வேகமாகக் கொண்டுபோக வேண்டும், அவர்கள் ஜனாஸாவைத் தாமதிக்க மாட்டார்கள். யாரும் கேட்டு வாங்குவதில்லை. சோறு வந்து சேரும்வரை இழவு வீட்டில் அடுப்பு மூட்டுவதும் இல்லை. அம்மா வந்த புதிதில் இதைப் பார்த்து வியந்தாராம். கரவனெல்லைப் பக்கம் இப்படி இல்லை என்று கடைசிவரை சொல்வார்.

தமிழர்களைத் தேடி அடித்த கலவரம் எங்கள் ஊருக்குக் கொஞ்சம் பிந்தித்தான் வந்தது. டவுன் பக்கம் புகை தெரிகிறது என்றபோதும் லயத்தில் பாதிப் பேர் அசையவில்லை. நம்ம ஊர்ச் சிங்களவர்கள் செய்ய மாட்டார்கள் என்றார்கள். லொறியில் வந்து இறங்கியவர்கள் வெளியூர்க்காரர்கள்தான், அது உண்மை. ஆனால் எந்தக் குறுக்குப் பாதை எந்த லயத்துக்குப் போகிறது என்று வெளியூர்க்காரனுக்குத் தெரியாது. பாதை காட்டியவர்களில் ஒருவர் வயல்கரைச் சிறிபால. நினைவு மலரில் மரியாதை குறையக் கூடாது என்பதற்காகத்தான் ‘ஒருவர்’ என்று எழுதுகிறேன்.

சந்தியில் கடை வைத்திருந்த முஸ்லிம் நானா என்னையும் தம்பியையும் அம்மாவையும் அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் இருத்திக் கதவைச் சாத்தினார். அப்பாவும் எங்களோடுதான் வந்தார். வந்தவர் வாசலில் நின்றுகொண்டு, பசுவை அவிழ்த்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று திரும்பிப் போனார். கட்டிப்போட்ட மாடு நெருப்பில் வேகக்கூடாது என்பது அவர் கவலை. மாடு தப்பியது. அப்பாவை மறுநாள் காலையில் ரப்பர் ஸ்டோர் வாசலில் தூக்கிக்கொண்டு வந்து கிடத்தினார்கள். தலையில் அடி. அம்மாவின் மடியிலேயே உயிர் போனது.

அப்பாவோடு பால் வெட்டிய நாலைந்து பேர் அவரை அவசர அவசரமாகத் தோட்டத்து மயானத்தில் புதைத்தார்கள். நாங்கள் பாதி எரிந்த லயக் காம்பராவுக்குத் திரும்பினோம். அம்மா சாம்பலைக் கூட்டித் தள்ளி எங்களை உட்கார வைத்துவிட்டு வயல்கரைப் பாதையைப் பார்த்துக்கொண்டு இருந்தார். நானா வீட்டிலிருந்து எதுவும் வர வழியில்லை, எங்களை ஒளித்ததற்காக அவர் கடையையும் உடைத்து அரிசியெல்லாம் கொண்டுபோயிருந்தார்கள். வயல்கரையில் வீடு வீடாக அடுப்புப் புகை எழுந்தது.

“அம்மா, சோறு வரலியா?” என்று நான் கேட்டேன்.

“வரல. வராது” என்றார் அம்மா. பிறகு எழுந்து, எரிந்து விழுந்த கூரைக் கட்டையை விறகாக வைத்து அடுப்பை மூட்டினார். இழவு வீட்டில் அன்றே அடுப்பு எரிந்தது எங்கள் ஊரில் அதுதான் முதல் தடவை என்று பெரியவர்கள் சொல்வார்கள். அன்று சிறிபாலவின் தாயார் சோறாக்கினார், மகன் சட்டியை உதைத்துக் கொட்டினார் என்று பின்னாளில் ஒரு பேச்சு அடிபட்டது. அம்மா அதை நம்பவில்லை. எனக்கு எதை நம்புவது என்று இன்னும் தெரியாது.

அதற்குப் பிறகு லயம் காலியாகத் தொடங்கியது. சிலர் இந்தியாவுக்குப் போனார்கள். நிறையப் பேர் வடக்கே வவுனியாவுக்குப் போனார்கள். அம்மாவின் தம்பியான எங்கள் மாமாவும் குடும்பத்தோடு கிளம்பி, கூட வரும்படி கெஞ்சினார்.

“அவர இங்க பொதைச்சிட்டு நான் எங்கடா போறது?” என்றார் அம்மா. பேச்சு அதோடு முடிந்தது.

கொஞ்சக் காலம் கழித்துச் சிறிபாலவின் தாயார் இறந்தார். அம்மா அன்று வேலைக்குப் போகவில்லை. பூசணிக்காய் வாங்கினார், கருவாடு வாங்கினார், பெரிய சட்டியில் சோறாக்கித் தலையில் தூக்கிக்கொண்டு வயல்கரைக்கு இறங்கினார். நான் பருப்புச் சட்டியோடு பின்னால் போனேன். கலவரத்துக்குப் பிறகு அந்தப் பாதையில் எங்கள் ஆட்கள் யாரும் இறங்கியதில்லை. இழவு வீட்டில் இருந்தவர்கள் வழிவிட்டு ஒதுங்கினார்கள். சிறிபால வாசலுக்கு வந்து, “ஓனெ நே” என்றார். வேண்டாம் என்கிறார்.

அம்மா சட்டியை வாசற்படியில் இறக்கி வைத்தார். “மலபத் கெனாவா” என்றார். மலபத் கொண்டுவந்திருக்கிறேன். சாப்பிட்டு முடியும்வரை இங்கேதான் இருப்பேன் என்று நல்ல சிங்களத்தில் சொல்லிவிட்டு, அங்கேயே நின்றார். சிறிபால பின்பக்கமாக வெளியே போய்விட்டார். மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்து, தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டார்கள். சட்டி காலியான பிறகுதான் அம்மா அதைக் கழுவி எடுத்துக்கொண்டு மேலே ஏறினார்.

இது மாமாவின் காதுக்கு எட்டி, அடுத்த முறை வந்தபோது அவர் குதித்தார். “அக்கா, ஒனக்குச் சூடு சொரண இருக்கா? அத்தானக் கொன்னவன் வீட்டுக்குப் போயிச் சோறு போட்டுட்டு வந்திருக்க.”

“சோறு போடலடா” என்றார் அம்மா. “அவங்க போடாதத ஞாபகப்படுத்திட்டு வந்திருக்கேன்.”

அம்மாவைப் பெரிய மனசுக்காரி என்று இரங்கல் கூட்டத்தில் பேசினார்கள். பேசியவர்களுக்கு நன்றி, ஆனால் அது சரியில்லை. அம்மா மன்னித்ததை நான் பார்க்கவில்லை. வயல்கரையில் விழுந்த சாவு ஒன்றையும் அவர் விடவில்லை. மழையென்றாலும் காய்ச்சலென்றாலும் சட்டி போகும். அவர் சந்தியில் இறங்கி நடந்தால் சிலர் வீட்டுக் கதவைச் சாத்துவார்கள். சாவு விழுந்த வீடு மட்டும் கதவைச் சாத்த முடியாது. அதே காலத்தில் லயத்தில் விழுந்த எங்கள் சாவுகளுக்கு வயல்கரையிலிருந்து ஒரு பருக்கை வரவில்லை. எங்கள் ஆட்கள் டவுனில் சோத்துப் பார்சல் எடுத்துக் கொடுக்கப் பழகினார்கள். நானாவின் குடும்பமும் கடையை விட்டுவிட்டு இரத்தினபுரிக்குப் போய்விட்டது. மூன்று சனத்தின் வழக்கத்தை அம்மா ஒற்றை ஆளாகச் செய்துகொண்டிருந்தார்.

சிறிபாலவின் மனைவி இறந்தபோதும் போனார். அப்போது அவர்கள் மகள் நிலந்தி சின்னப் பெண். தாயை இழந்த அந்தப் பிள்ளை அம்மாவின் சட்டியிலிருந்து வாங்கிச் சாப்பிட்டாள். “ரெண்டாவது தடவையும் கேட்டு வாங்கித் தின்னுச்சு” என்று அம்மா வந்து சொன்னார். அதை ஏன் சொன்னார் என்று அன்று எனக்கு விளங்கவில்லை.

கடைசிக் காலத்தில் சீனி வியாதி அம்மாவின் ஒரு காலை எடுத்துக்கொண்டது. அதற்குப் பிறகும் என்னை ஆக்கச் சொல்லி, ஓட்டோவில் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு போனார். படுக்கையில் விழுந்ததும் என்னையும் தம்பியையும் கூப்பிட்டு ஒன்றே ஒன்று சொன்னார்.

“நான் செத்தா யாரும் அடுப்பு மூட்டப்படாது. பார்சலும் எடுக்கப்படாது. காத்திருங்க.”

“வராட்டி?” என்றான் தம்பி.

“வராட்டிப் பட்டினி கெடங்க.”

அப்படித்தான் கிடந்தோம். அம்மாவை அப்பாவுக்குப் பக்கத்தில் அடக்கம் செய்துவிட்டு வந்து, குளித்துவிட்டு, வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருந்தோம். வவுனியாவிலிருந்து வந்த பிள்ளைகள் பசியில் அழுதார்கள். மாமா மூன்று முறை பார்சலுக்குப் போன் எடுத்தார், மூன்று முறையும் தம்பி போனைப் பிடுங்கினான். “செத்தவ பேச்சக் கேட்டு இருக்கவங்கள சாகடிக்காதீங்க புள்ள” என்று மாமா என்னிடம் சண்டைக்கு வந்தார். எனக்கும் அம்மா மேல் கோபம்தான். இத்தனை வருஷமாக வராத சோறு இன்றைக்கு எப்படி வரும்? நாங்கள் காத்திருந்து அவமானப்பட வேண்டும் என்று ஏன் நினைத்தார்? பொழுது சாய்ந்தது. வயல்கரையில் அடுப்புப் புகை எழுந்தது. அப்பா செத்த அன்று எழுந்த அதே இடங்களில்தான்.

இருட்டத் தொடங்கும்போது நிலந்தி படியேறி வந்தார். தலையில் ஒரு பெரிய சட்டி. கீழே தண்ணீர்ப் பீலிக்குப் பக்கத்தில் கிழவர் ஒருவர் தடியை ஊன்றிக்கொண்டு நின்றார். அது சிறிபால. மகளை அனுப்பினாரா, தடுக்க வந்து முடியாமல் நின்றாரா, துணைக்கு வந்தாரா, நான் கேட்கவில்லை. மேலே வரவில்லை, அது மட்டும் தெரியும்.

சட்டியைத் திறந்ததும் வாசம் எழுந்தது. சோறு, பூசணிக்காய், பருப்பு, கருவாடு.

“கருவாடு” என்றார் மாமா. “எழவு வீட்டுக்குக் கருவாடு. வேணும்னே செஞ்சிருக்காங்க. தூக்கிக் கொட்டுங்க.”

நிலந்தி திகைத்து என்னைப் பார்த்தார். “அம்மா கெனாவ விதியட்டம ஹெதுவா” என்றார். அம்மா எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்த மாதிரியேதான் ஆக்கினேன் என்கிறார். தமிழ் வீட்டுக்கு மலபத் எப்படிப் போகும் என்பதை அவர் எங்கே பார்த்திருப்பார்? அவர் பிறந்த பிறகு ஒரு சட்டியும் மேலே வந்ததில்லை. அவருக்குத் தெரிந்த மலபத் அம்மா சுமந்துபோனது ஒன்றுதான்.

“கொட்ட வேணாம் மாமா. இது அம்மா பக்குவம்” என்றேன். இலையைப் போட்டு உட்கார்ந்து, கருவாட்டோடு சேர்த்துச் சாப்பிட்டேன். தம்பி பக்கத்தில் உட்கார்ந்தான். பிறகு பிள்ளைகள். மாமா கருவாட்டை ஒதுக்கிவிட்டு, திட்டிக்கொண்டே சாப்பிட்டார். எல்லோரும் கைகழுவும்வரை நிலந்தி வாசலிலேயே நின்றார். அவரை யாரும் நிற்கச் சொல்லவில்லை.

இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று யாரும் எண்ண வேண்டாம். அப்பாவை அடித்தவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அத்தனை வீட்டுப் புகையில் ஒரு வீட்டுச் சட்டிதான் வந்தது. அதையும் அம்மா இருந்து பார்க்கவில்லை.

அம்மாவின் நோயில் ஆஸ்பத்திரிக்குத் துணை வந்த லயத்துப் பெண்களுக்கும், குழி வெட்டிய பிள்ளைகளுக்கும், வவுனியாவிலிருந்து இரவோடு இரவாக வந்த மாமா குடும்பத்தாருக்கும், இரத்தினபுரியிலிருந்து தேயிலையும் சீனியும் கொண்டுவந்து எங்களோடு மயானம்வரை நடந்த நானாவின் மகனுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. ஓட்டோ ஓட்டியவருக்கும் நன்றி, சட்டி குலுங்கியதென்று அம்மா அவரைத் திட்டாத நாள் இல்லை.

நிலந்திக்கு நன்றியைப் போன வாரம் நேரில் போய்ச் சொன்னேன். அம்மாவின் சட்டியை அவரிடமே கொடுத்துவிட்டேன். கொடுக்கும்போது, எங்கள் வீட்டில் அடுத்த சாவுக்குக் கருவாடு போட வேண்டாம் என்று சொன்னேன். சரி என்றார்.