மேசைக்கடியில் ஒரு தறி

தட்டெழுத்து பத்து விரல்களால் செய்யும் தொழில் என்று பாடப்புத்தகத்தில் போட்டிருந்தது. என் விஷயத்தில் இரண்டு கால்களும் அழைக்காமலே வந்து சேர்ந்துகொண்டன. விசைகளுக்கிடையில் சுண்டுவிரல் வழுக்கித் தோல் உரிந்த அனுபவசாலிகளே, உங்களிடம்தான் இதைச் சொல்லி ஆற வேண்டும்.

ஆடும் மேசை

எழுபதுகளின் கடைசியில், கல்முனைக் கடைத்தெருவில் ஒரு புடவைக்கடை மாடியில் எங்கள் வகுப்பு நடந்தது. நீளமான ஒரே மேசை, அதில் ஆறு பழைய மெஷின்கள். நான் சாரன் என்னும் கைலி நெய்யும் மருதமுனை நெசவு வீட்டுப் பிள்ளை. தறியில் கை குறுக்கு நூலிழுக்கும் நாடாவை ஓட்டும்போதே கால் மிதியை மிதிக்க வேண்டும். அந்தப் பழக்கம் என்னோடு மாடிப்படி ஏறி வந்துவிட்டது. விரல் தட்டத் தட்ட, கால் மேசையின் குறுக்குச் சட்டத்தை மிதிக்கும். மெஷின் துள்ளும். எழுத்துகள் ஒன்று மேலே, ஒன்று கீழே என்று விழும்.

மாஸ்டர் குனிந்து மேசைக்கடியில் பார்த்தார்.

"தம்பி, கடிதம் அடிக்கச் சொன்னா நீங்க சாரன் நெய்யிறீங்க."

வாப்பாவின் தீர்ப்பு

ஒருநாள் ரிப்பன் மாற்றிய கையைக் கழுவாமல் வீட்டுக்கு வந்து, தறியிலிருந்த வெள்ளைச் சாரனைத் தொட்டுவிட்டேன். ஐந்து விரலும் அழகாகப் பதிந்தன. ஒரு கல்யாண மாப்பிள்ளைக்கென்று சொல்லிவைத்த சாரன் அது.

வாப்பா அதிகம் கதைக்காதவர். அன்று கதைத்தார். அரசாங்க அலுவலகத்தில் எழுதுவினைஞர் உத்தியோகத்துக்கு மனுப்போடத் தட்டெழுத்துச் சான்றிதழ் வேண்டும், சோதினைக்கு ஒரு மாதம்தான் இருந்தது. எனக்கோ அந்த உத்தியோகத்தின் மேல் அப்படியொரு ஆசை.

"பாஸ் பண்ணினா கந்தோருக்குப் போ. இல்லாட்டி தறிக்குழிக்குள்ள இறங்கு. ரெண்டிலயும் கால் வைக்காத."

கட்டிய கால்

பயத்தில், இரண்டு காலையும் நான் உட்காரும் கதிரையோடு துவாயால் கட்டிப் பார்த்தேன். கால் நின்றது. கையும் நின்றுவிட்டது! ஒரு வரி அடிப்பதற்குள் வேர்த்துக் கொட்டியது. அவிழ்த்துவிட்டால் பழையபடி மேசை ஆட்டம்.

பக்கத்து மெஷினில் கல்முனைக்குடி பரீதா. என் ஆட்டத்தில் அவளுடைய எழுத்தும் சேர்ந்து ஆடும். இரண்டு மாதம் பொறுத்திருந்தவள் அன்று அண்ணன் முறை வைத்து என்னிடம் வாய் திறந்தாள்.

"நானா, கந்தூரியில சஹனுக்கு முன்னால இந்தக் கால் சும்மாதானே மடங்கி இரிக்கி?"

சோதினை நாள்

கந்தூரி விருந்தில் ஒரு பெரிய தட்டைச் சுற்றி ஐந்தாறு பேர் காலை மடித்து உட்கார்ந்து சேர்ந்து சாப்பிடுவதுதான் சஹன். சோதினை அறையில் நானும் செருப்பைக் கழற்றிவிட்டு, கதிரையின் மேல் அப்படியே சம்மணமிட்டு உட்கார்ந்தேன்.

மணி அடித்ததும் விரல்கள் ஓடின. தொடைக்கடியில் கால் பெருவிரல்கள் இரண்டும் மிதித்துக்கொண்டுதான் இருந்தன, ஆனால் மேசை அசையவில்லை. எழுத்துகள் பள்ளியில் தொழுகைக்கு நிற்பவர்களைப் போல வரிசையாக நின்றன. அந்தச் சந்தோஷம் பாதிப் பக்கம் வரைதான். மேற்பார்வைக்கு வந்த அக்கரைப்பற்றுக்காரர் என் கதிரையருகில் வந்து நின்றுவிட்டார். வெளியே போகச் சொல்லப் போகிறார் என்று கண்ணால் செருப்பைத் தேடினேன். அவர் மெல்லக் குனிந்தார்.

"தம்பி, சோறு வர நேரமாகும். அதுக்குள்ள இதை அடிச்சு முடிங்க."

பாஸாகிக் கந்தோருக்கும் போனேன். இன்று அரசாங்கம் என் பத்து விரல்களுக்கும் பென்சன் தருகிறது, அத்தனை வருடமும் கதிரையின் மேல் மடங்கிக் கிடந்து உழைத்த கால்களுக்குத்தான் ஒன்றுமில்லை.