பேச்சிக்குக் கடல் காட்டிய நாள்

போன ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் லிஃப்டுக்குள் புளியோதரை மணந்தது. நாலாவது மாடியில் ஈரோட்டுக்காரத் தம்பதி இருக்கிறார்கள், இரண்டு பேருக்கும் கம்ப்யூட்டர் வேலை. அவர்கள் வீட்டுக்கு ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்திருந்தார்கள். எட்டுப் பேர். அதில் மூன்று பொடிசுகள். கையில் தூக்குவாளி, தண்ணீர் பாட்டில், ஒரு பொடிசின் தலையில் அவன் அப்பாவின் தொப்பி. வேன் பேசி ஊர் சுற்றக் கிளம்புகிறார்களாம். "ஆன்ட்டி, நீங்களும் வாங்களேன்" என்று மரியாதைக்குக் கூப்பிட்டாள் அந்தப் பெண். நானும் மரியாதைக்குச் சிரித்துவைத்தேன். அவர்கள் இறங்கிப் போன பிறகும் வாசனை லிஃப்டைவிட்டு இறங்கவில்லை. கொத்தமல்லி வாங்கப் போனவள் வெறுங்கையோடு மேலே வந்து சோபாவில் உட்கார்ந்துவிட்டேன்.

புளிக்காய்ச்சல் என்றால் எனக்கு என் நாத்தனார் பேச்சிதான். என் வீட்டுக்காரரின் ஒரே தங்கை. கோவில்பட்டிப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தது. எங்கே கிளம்பினாலும் ஒரு எவர்சில்வர் சம்படத்தில் புளிக்காய்ச்சலோடுதான் கிளம்புவாள். அதில் நல்லெண்ணெய் மிதக்கும். மூடியை எத்தனை இறுக்கி மூடினாலும் பையிலிருக்கும் துணி அத்தனையிலும் அந்த மணம் ஏறிவிடும். அவள் வந்து போன பிறகு ஒரு வாரத்துக்கு எங்கள் தலையணை உறைகூடப் பசியைக் கிளப்பும்.

அப்போது நாங்கள் சென்னை ஆவடிக்குப் பக்கத்தில் சேக்காட்டில் ஒரு வீட்டின் பின்பக்கத்தில் வாடகைக்கு இருந்தோம். ஒரு அறை, ஒரு சமையலறை, வெளியே குழாய். ஆவடியில் ஒரு தொழிற்சாலையில் அவருக்கு வேலை. வீட்டுக்காரம்மா கன்னியம்மா அந்த ஊரின் பழைய குடி. இப்போது வரிசையாக வீடு நிற்கிற இடமெல்லாம் அவர்கள் நெல் போட்ட நிலம்தான். வாய் பெரிது. ஆனால் எனக்குக் காய்ச்சல் என்றால் கஞ்சிக் கிண்ணத்தோடு முதலில் வருவதும் அந்த அம்மாள்தான்.

கல்யாணமாகி நாலு வருடம் கழித்து எனக்கு நாள் தள்ளிப்போனது. ஏழாம் மாதம் வளைகாப்பு என்று முடிவானதும் பேச்சி ரயிலில் இடம் பிடித்துவிட்டாள். வைகாசி மாதம், பள்ளிக்கூட விடுமுறை. ஆறு வயது மகள் கனியையும் மூன்று வயது மகன் பாண்டியையும் கூட்டிக்கொண்டு வருவதாக ஏற்பாடு. அவள் வீட்டுக்காரருக்கு லீவு இல்லை. அந்தப் பிள்ளைகளிடம் கடலும் காட்டுவேன், கப்பலும் காட்டுவேன் என்று சத்தியம் செய்து கொடுத்திருக்கிறாள்.

வளைகாப்புக்கு மூன்று வாரம் இருக்கும்போது குழந்தை வயிற்றுக்குள்ளேயே இறந்துபோனது. அதை ஆஸ்பத்திரியில் பெற்றெடுத்தேன். பெண் என்று நர்ஸ் சொன்னார். பார்க்க வேண்டாம் என்றார்கள். சரி என்றேன். இரண்டு நாளில் வீட்டுக்கு வந்து, வந்த அன்றே அரிசி களைந்து உலை வைத்தேன். அழவில்லை. பிடிவாதமெல்லாம் இல்லை, வரவில்லை, அவ்வளவுதான். பால்தான் வந்தது. கன்னியம்மா மல்லிகைப் பூ வாங்கி வந்து மார்பில் வைத்துக் கட்டிவிட்டார். "பூ வச்சிக் கட்டுனா தானா வத்திப் பூடும். நீ அய்துடும்மா, அய்தாதான் ஆறும்." நான் தலையை ஆட்டினேன். அந்த வாரம் முழுக்க ஏதோ கல்யாண வீட்டுக்குள் இருப்பதுபோல என்னைச் சுற்றி மல்லிகை மணம். இப்போதும் பூக்கடையை மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் கடப்பேன். அதைச் சளி என்று சொல்லிச் சமாளிப்பேன்.

டிக்கெட்டை ரத்து செய்யச் சொல்லவா என்று என் வீட்டுக்காரர் கேட்டார். பிள்ளைகள் ஏமாந்துபோகும், வரட்டும் என்றேன். நல்ல மனதால் சொன்னதாக நினைத்துவிடாதீர்கள். வேண்டாம் என்று சொல்வதற்கும் ஒரு தெம்பு வேண்டியிருந்தது.

பேச்சி வந்தாள். கட்டிப்பிடித்து ஒப்பாரி வைப்பாள் என்று நினைத்துச் சுவரோரமாக நின்றுகொண்டேன். அவள் பையைக் கீழே வைத்துவிட்டு, "மதினி, குழாயில தண்ணி எத்தனை மணி வரைக்கும் வரும்?" என்று கேட்டாள். பிள்ளைகளைக் குளிப்பாட்டினாள். எனக்கு எண்ணெய் தேய்த்துவிட்டாள்.

மூன்றாம் நாள்தான் வளைகாப்புக்குக் குறித்திருந்த நாள். விடியும்போதே அவர் வேலைக்குப் போய்விட்டார். வீட்டில் இருக்கப் பயந்துதான் போனார் என்பது பிற்பாடு புரிந்தது. நான் எழுந்து பார்த்தபோது பேச்சி புளியோதரையைக் கிளறிக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் பவுடர் அப்பிக்கொண்டு தயாராக நின்றன.

"மதினி, இன்னைக்கு வீட்டுல இருக்க வேண்டாம். பிள்ளைகளுக்குக் கடல் காட்டிட்டு வருவோம், கெளம்புங்க."

வாசலில் கன்னியம்மா மறித்துக்கொண்டார். "இன்னாம்மா இது, பச்ச ஒடம்பு காயல, பீச்சுக்கா இட்டுகினு போற? நாலு பேரு பாத்தா இன்னா சொல்லுவாங்கோ?"

"சொல்றவுக சொல்லட்டும்க்கா. நா பாத்துக்கிடுதேன்" என்றாள் பேச்சி. என் கையைப் பிடித்த பிடியை ஷேர் ஆட்டோ வரும்வரை விடவில்லை.

இங்கே என்னைப் பற்றி ஒரு உண்மையைச் சொல்லிவிட வேண்டும். பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போதெல்லாம் நான் பெரிய மெட்ராஸ்காரியாக நடந்துகொள்வேன். பீச்சா, நினைத்தால் போய்விட்டு வருவோம் என்பேன். நாலு வருடத்தில் நான் பீச்சைப் பார்த்தது ஒரே ஒரு தடவை, அதுவும் யாரோ வீட்டுக் கல்யாணத்துக்குப் போன இடத்தில். எனக்குத் தெரிந்த சென்னை ஆவடி மார்க்கெட்டோடு முடிந்துவிடும். அதைத் தாண்டினால் நானும் கனியும் ஒன்றுதான்.

ரயிலில் ஜன்னலோரம் கனி. அண்ணனூர், திருமுல்லைவாயல், அம்பத்தூர் என்று ஒவ்வொரு பெயரையும் எழுத்துக்கூட்டிப் படித்தாள். சென்ட்ரலில் இறங்கியதும், "அத்தை, அந்தச் செவப்புக் கட்டடம் என்னது?" என்றாள். "ஹைகோர்ட்டு" என்றேன். நாங்கள் அப்போதுதான் வெளியே வந்த ஸ்டேஷன் அது. பக்கத்தில் போன போர்ட்டர் ஒருவர் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார். எழும்பூர் மியூசியத்துக்கு ஏற வேண்டிய பஸ்ஸை விட்டு வேறொன்றில் ஏற்றினேன். வெயிலில் இரண்டு ஸ்டாப் தூரம் திரும்பி நடந்தோம். பேச்சி பாண்டியை இடுப்பில் மாற்றிப் போட்டுக்கொண்டு, "மதினி, நீங்க வாராவாரம் வாற பீச்சு இதுல எந்தப் பக்கம்?" என்று கேட்டாள். மற்ற நாளாக இருந்தால் எனக்கு முகம் சிவந்திருக்கும். அன்று, தெரியவில்லை என்றேன். அதன்பிறகு வழி கேட்கும் பொறுப்பை அவள் எடுத்துக்கொண்டாள்.

மியூசியத்தில் திமிங்கலத்தின் எலும்புக்கூட்டுக்கு அடியில் பிள்ளைகள் வெகுநேரம் நின்றார்கள். நானும் நின்றேன். பெரிதாக இருந்தது. அதற்குமேல் எனக்கு எதுவும் தோன்றவில்லை. மரத்தடியில் உட்கார்ந்து புளியோதரை சாப்பிட்டோம். பேச்சி வைத்ததைச் சாப்பிட்டேன். இன்னொரு கரண்டி வைத்தாள், அதையும் சாப்பிட்டேன். புளிப்பும் தெரியவில்லை, உறைப்பும் தெரியவில்லை. வாய் மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

மெரினாவுக்குப் போய்ச் சேரும்போது வெயில் சாய்ந்திருந்தது. பிள்ளைகளைவிடப் பேச்சிதான் முதலில் ஓடினாள். அவளும் அன்றுதான் கடலை முதன்முதலாகப் பார்க்கிறாள், அதை அதுவரை சொல்லவே இல்லை என்பது எனக்கு அவள் சேலையை முழங்கால்வரை தூக்கிச் செருகிக்கொண்டு அலையில் நின்று "யாத்தே, யாத்தே" என்று கத்தியபோதுதான் தெரிந்தது. பாண்டி பயந்து அலறி, அலறிய களைப்பில் மணலிலேயே துண்டின் மேல் தூங்கிப்போனான்.

கனி கிளிஞ்சல் பொறுக்கி வந்து என் மடியில் கொட்டினாள். கொட்டிவிட்டு வயிற்றைப் பார்த்தாள்.

"அத்தை, ஒங்க வயித்துல ஒரு பாப்பா இருந்துச்சுல்ல, அது எங்க?"

"ஏட்டி, சும்மா கெட!" என்று பேச்சி அதட்டினாள்.

"செத்துப்போச்சும்மா" என்றேன். மணி கேட்டால் சொல்வோமே, அதுபோல. அந்த மூன்று வாரத்தில் அதை நான் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை.

கனி கொஞ்சம் யோசித்தாள். "பேரு வச்சீங்களா?"

"இல்ல."

"சரி" என்று சொல்லிவிட்டு அடுத்த கிளிஞ்சலுக்குப் போய்விட்டாள்.

எங்களுக்குப் பக்கத்தில் வேறொரு குடும்பம் உட்கார்ந்திருந்தது. அவர்களிடம் ஒரு கைக்குழந்தை. அது பசித்து அழ ஆரம்பித்தது. நான் கடலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பேச்சி என்னையே பார்க்கிறாள் என்று உணர்ந்து குனிந்து பார்த்தேன். ரவிக்கையின் முன்பக்கம் நனைந்து, மெல்லிய சேலையையும் தாண்டி ஈரம் பரவிக்கொண்டிருந்தது. எனக்கு வெட்கம்கூட வரவில்லை. யாருடைய துணியோ நனைவதைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பேச்சி எழுந்தாள். தூங்கிக்கொண்டிருந்த பாண்டியைத் துண்டோடு அள்ளி என் மார்பில் சாய்த்தாள். "எனக்குக் கை கடுக்குது மதினி. இவனச் சித்த வச்சிக்கிடுங்க."

மூன்று வயதுப் பிள்ளை, நல்ல கனம். அவன் தலையில் உப்புக்காற்றும் வியர்வையும் புளியோதரையும் கலந்த வாசனை. பஸ்ஸில் அவனைத் தூக்கியபடி நின்றேன். சென்ட்ரலில் தூக்கியபடி நடந்தேன். பேச்சி ஒரு தடவைகூட அவனைத் திருப்பிக் கேட்கவில்லை. ஈரம் காய்ந்ததா இல்லையா என்று யாருக்கும் தெரியவில்லை, எனக்கும்கூட.

ரயிலில் மீன்கூடையோடு இருந்த ஒரு அம்மாள் நகர்ந்து இடம் கொடுத்தார். "கொய்ந்தய வச்சிகினு நிக்கிறியே, குந்தும்மா." உட்கார்ந்தேன். கொரட்டூர் தாண்டும்போது அந்த அம்மாள் பாண்டியின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். "ஒன் புள்ளயா? அப்டியே ஒன்ன மாரியே கீறான்."

"ஆமா" என்றேன்.

பேச்சி பக்கத்தில்தான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காதில் விழாமல் இருக்காது. ஆவடி வரும்வரை வெளியிலேயே பார்த்துக்கொண்டு வந்தாள். கனி மட்டும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பேச்சி அவள் வாயில் ஒரு முறுக்கைத் திணித்தாள்.

நாலு நாள் கழித்து ஊருக்குப் போனார்கள். எழும்பூரில் வண்டி நகரும்போது, "ஒழுங்காச் சாப்பிடுங்க மதினி" என்றாள். அவ்வளவுதான். அந்த நாளைப் பற்றி அதற்குப்பின் நாங்கள் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. பால் வற்றியது. மூன்று வருடம் கழித்து எனக்கு ஒரு மகன் பிறந்தான். அந்தத் தடவை வளைகாப்புக்குப் பேச்சி வந்து வளையல் போட்டாள், புளிக்காய்ச்சலும் வந்தது, எல்லாம் முறைப்படி நடந்தது.

ஆனால் வருடத்துக்கு ஒரு நாள் அவளிடமிருந்து போன் வரும். முதலில் கன்னியம்மா வீட்டுப் போனுக்கு எஸ்டிடி பூத்திலிருந்து, பிறகு அவளுடைய சொந்த செல்போனிலிருந்து. "சும்மாதான் மதினி" என்று ஆரம்பித்து மழை, மிளகாய் விலை, கனியின் மார்க் என்று போகும். அது எப்போதும் நாங்கள் கடலுக்குப் போன அதே தேதி என்பது எனக்கே நாலைந்து வருடம் கழித்துத்தான் உறைத்தது. தெரிந்துகொண்டதாக நானும் காட்டிக்கொள்ளவில்லை. அன்று காலையில் மட்டும் வேலைகளைச் சீக்கிரம் முடித்துவிட்டுப் போனுக்குப் பக்கத்திலேயே இருப்பேன்.

பேச்சி இறந்து இரண்டு வருடம் ஆகிறது. சர்க்கரை, பிறகு சிறுநீரகம். ஊரில் அவள் தலைமாட்டில் உட்கார்ந்து நான் அழுத அழுகையைப் பார்த்து, நாத்தனாருக்காக யாராவது இப்படி அழுவார்களா என்று பெண்கள் பேசிக்கொண்டார்களாம். என் வீட்டுக்காரரே என்னைப் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார். அவர் நல்ல மனிதர். அந்தத் தேதி அவருக்கு நினைவில் இல்லை. என் மகனுக்கு அப்படியொரு தேதி இருப்பதே தெரியாது.

இந்த வைகாசியிலும் அந்த நாள் வந்தது. காலையில் வேலையெல்லாம் முடித்துவிட்டேன், பழக்கம்தான். பதினொரு மணிக்குப் போன் அடித்தது. பூந்தமல்லி பக்கம் புதிதாக ஃபிளாட் கட்டுகிறார்களாம், பார்க்க வருகிறீர்களா மேடம் என்று ஒரு பெண். வேண்டாம் என்று சொல்லிப் போனை வைத்திருக்கலாம். நீச்சல்குளம், குழந்தைகள் விளையாட இடம், மெட்ரோ பக்கம் என்று அவள் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனாள். அவள் முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.