வால் வைத்த ஹெல்மெட்

வாடிக்கையாளர் மிக்ஸியை மேசைமேல் வைத்து வாயைத் திறப்பதற்குள் புகார் மேசையில் இருக்கும் அவர் தலையாட்டத் தொடங்கிவிடுவார். வேகமாக அல்ல; துக்கம் விசாரிக்க வந்தவர்போல, நிதானமாக, கண்களைப் பாதி மூடிக்கொண்டு. "போன வாரம்தான் சார் வாங்கிட்டுப் போனேன்." ஓர் ஆட்டல். "மூடி தெறிச்சு மேல போய் இடிக்குது சார்." இன்னொன்று, சற்று ஆழமாக. "கவனிக்கிறோம்" என்று முடிப்பார். கத்த வந்தவர்கள் நன்றி சொல்லிவிட்டுப் போவார்கள். மிக்ஸியைப் பழுதுபார்ப்பது பின்னறையில் இருப்பவர்களின் வேலை. இவருடைய வேலை இதுதான். சர்வீஸ் சென்டரில் அவருக்குத் 'தலையாட்டி' என்று பெயர். அப்படிக் கூப்பிட்டால் அதற்கும் தலையாட்டுவார். பக்கத்து மேசையில் உதிரிபாகம் விற்கும் நான் தினமும் பார்ப்பது இது.

ஞாயிறு காலைகளில் அவர் வேறு ஆள். ஊருக்கு வெளியே நெடுஞ்சாலையில் சைக்கிள் நேரப் போட்டி நடக்கும். ஒவ்வொருவராக இடைவெளி விட்டுக் கிளம்பி, தனியாக ஓட்டி, ஒரு வளைவில் திரும்பி வந்து சேரவேண்டும். எடுத்துக்கொண்ட நேரம் யாருக்குக் குறைவோ அவருக்கு வெற்றி. மறைந்துகொள்ள முன்னால் ஒரு முதுகு கிடையாது. காற்று நேராக நெஞ்சுக்கு வரும். "காத்துக்கு என்னப் பாத்தா ஒரு இளக்காரம்" என்பார். காற்று பிடிக்கிறது என்று மீசையை எடுத்தார். சட்டைப்பையில் பேனா வைப்பதை நிறுத்தினார். தெருவில் எதிர்க்காற்று அடித்தால் மனைவியை முன்னால் நடக்கவிட்டு, அவர் முதுகோடு ஒட்டி வருவார். பார்ப்பவர்கள் அதை அன்பு என்று நினைத்துக்கொள்வார்கள்.

இத்தனை செய்தும் மனைவியின் தம்பியிடம் தோற்றுக்கொண்டே இருக்கிறார். மைத்துனனுக்கு வயது குறைவு, வாய் அதிகம். "மச்சான், வர்ற வருஷம் உங்கள மூத்தோர் பிரிவுல போட்டுருவாங்க. அங்க உங்களுக்குப் போட்டி மூட்டுவலிதான்." விஷயமே அதுதான். இந்த வருடத்தின் கடைசிப் போட்டியில் ஜெயிக்காவிட்டால் பிறகு இருவரும் ஒரே பிரிவில் ஓட்டப் போவதில்லை, தோல்வி நிரந்தரமாகிவிடும். மைத்துனனின் ஹெல்மெட் பின்பக்கம் துளிபோல நீண்டு கூராக முடியும். காற்று அதன்மேல் வழுக்கிக்கொண்டு போய்விடுமாம். "புதுசு வாங்கிட்டேன். பழசு சும்மாதான் கிடக்கு, போட்டுக்கிறீங்களா?" என்று அவன் கேட்ட அன்று மட்டும் அவருடைய தலை ஆடவில்லை.

ஹெல்மெட் வாங்க மனைவியும் போனார். விலை சொல்லும்போது இவர் பழக்கதோஷத்தில் தலையாட்டிவிடுவார். கடைக்காரர் சரியென்று பில் போட்டுவிடுவார். அவர்கள் வீட்டில் இரண்டு பீரோ இருப்பது அப்படித்தான்.

கடையில் இரண்டு ஸ்டூல்களைச் சேர்த்துப் போட்டுக் குப்புறப் படுத்தார். அங்கிருந்த ஒரு ஹெல்மெட்டை மாட்டி, சைக்கிளில் குனிந்திருப்பதுபோல முழங்கைகளை முன்னால் நீட்டிக்கொண்டு, அதன் வால் முதுகைத் தொடுகிறதா என்று பார்க்கச் சொன்னார். குழந்தைக்கு மூன்று சக்கர வண்டி வாங்க வந்த குடும்பம் வேடிக்கை பார்த்தது.

"வாங்க வந்தீங்களா சார், படுக்க வந்தீங்களா?" என்றார் கடைக்காரர்.

"தலைக்கனம் எவ்வளவு இருக்கும்?" ஹெல்மெட்டின் எடையைத்தான் அப்படிக் கேட்டார்.

"அத என் தம்பிகிட்ட கேளுங்க" என்றார் மனைவி.

கடைக்காரர் குட்டை வால் வைத்த ஹெல்மெட் ஒன்றை எடுத்து வைத்து விலையைச் சொன்னார். மனைவி சட்டென்று கணவரின் பிடரியில் கைவைத்து அழுத்திக்கொண்டார். தலை நின்றது.

"நீட்டு வால் பாதி விலைதான், போன வருஷ மாடல். ஆனா உங்களுக்கு ஆகாது சார். வந்ததுலேர்ந்து தலைய ஆட்டிக்கிட்டே இருக்கீங்க. இதுக்குத் தலை ஆடக்கூடாது. கொஞ்சம் குனிஞ்சாலும் வால் எந்திரிச்சு நின்னுரும். குடை புடிச்ச மாதிரி காத்து இழுக்கும்."

"ஆடாது" என்றார், தலையாட்டிக்கொண்டே.

"ஏற்கெனவே இருக்கிற வாலு பத்தாதுன்னு" என்று மனைவி பணத்தை எடுத்தார்.

தலையை நிறுத்தும் பயிற்சியை வேலை நேரத்திலேயே தொடங்கினார். கழுத்தை விறைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"மோட்டார் புகையுது சார்."

அசைவில்லை.

"புகையுதுங்கிறேன்!"

"கேக்குது."

"கேக்குதுன்னா? பொம்ம மாதிரி உக்காந்திருந்தா என்ன அர்த்தம்?" அந்தப் பெண்மணி ஜாரை மேசையில் ஓங்கி வைத்தார். வரிசையில் நின்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். மேலாளர் ஓடிவந்தார். "உமக்கு எதுக்குய்யா சம்பளம்? ஆட்டறதுக்குத்தான்! ஆட்டலேன்னா குடோனுக்குப் போயிரும், மூட்டைங்க ஒண்ணும் கேக்காது."

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் பொறுத்துக்குங்க சார்" என்றார் அவர், உதடு மட்டும் அசைய. என்னிடம் ஜார் மூடி வாங்க வந்திருந்த மைத்துனன் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றான். சிரிக்கவில்லை. அதை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை வளைவுக்குச் சற்று முன்னால் நானும் அவர் மனைவியும் நின்றோம். மைத்துனனுக்கு முன்பாகவே கிளம்பியவர் எங்களைக் கடந்து போய் வளைவில் திரும்பினார். தலை சிமெண்டில் பதித்ததுபோல இருந்தது. வால் முதுகோடு முதுகாக ஒட்டிக்கிடந்தது. மைத்துனன் அப்போதுதான் தூரத்தில் தெரிந்தான். கிளம்பும்போது இருவருக்கும் நடுவே இருந்த இடைவெளி இப்போது நன்றாக நீண்டிருந்தது. "ஜெயிக்கப் போறார்" என்று மனைவி என் கையைப் பிடித்தார். "இந்தத் தடவ ஜெயிக்கப் போறார்!"

எங்களுக்கு எதிரில்தான் இருவரும் ஒருவரையொருவர் கடந்தார்கள். மைத்துனன் பெடலை மிதித்தபடியே, குரலை இழுத்து, கூப்பிட்டான்:

"சார்! மிக்ஸி ஓடலை சார்! போன வாரம்தான் வாங்கினது!"

நிதானமாக, கண்களைப் பாதி மூடிக்கொண்டு, அவர் ஒருமுறை தலையாட்டினார். வால் எழுந்து காற்றில் நின்றது. பிறகு, அவன் கடந்து போய்விட்ட பிறகும், இன்னொரு முறை, சற்று ஆழமாக.