எண்பதில் பதினாறு

அறுபதுகளின் நடுவே ஓர் ஐப்பசி. தீபாவளிக்கு முந்தைய வாரம் என்பதால் கிழமைகூட மறக்கவில்லை, ஞாயிறு. மாலையில் புவனகிரியிலிருந்து தாய்மாமா கடலூருக்கு வந்தார். கையில் ஒரு துண்டுச் சீட்டு.

என் தங்கை அப்போது சிதம்பரத்தில் பி.யு.சி. படித்துக்கொண்டிருந்தாள். தினமும் ரயிலில் போய் வருவாள். அப்பா இல்லாத வீட்டில் மாமா சொல்வதுதான் முடிவு.

"காலாண்டு ரிசல்ட்ட காலேஜ் பலகையில ஒட்டியிருக்கான்," என்றார் அம்மாவிடம். "ரயில்ல வர்றதுங்க பதினாறு பெயில். ஹாஸ்டல்ல பன்னெண்டுதான். பெயிலானதுல பாதிக்கு மேல ரயில்தான். அலைஞ்சிட்டு வந்து எங்க படிக்கும்? நாளைக்கே டி.சி. வாங்கிடலாம்."

ஹாஸ்டலில் சேர்க்க எங்களுக்கு வசதியில்லை. ரயில் நின்றால் படிப்பும் நின்றது.

"நான் பாஸ் மாமா," என்றாள் தங்கை.

"இந்தத் தடவ பாஸ். அடுத்த தடவ?"

"அப்ப பெயிலானா அப்ப வந்து திட்டுங்க."

"வாயி மட்டும் எக்ஸ்பிரஸாட்டம் போவுது."

சீட்டை வாங்கிப் பார்த்தேன். தவறியவர் கணக்கு மட்டுமே இருந்தது.

"பாஸானவங்க எத்தினி பேரு மாமா?"

"அத எதுக்குடா எழுதணும்? ரிசல்ட் பாக்கப் போறவன் பெயிலத்தானே பாப்பான்."

எங்கள் பக்கத்து வழக்கமே அதுதான். பரீட்சை முடிவு வந்தால் தெருவே முதலில் விசாரிப்பது யார் யார் பெயில் என்றுதான்.

"மொத்தம் தெரியாம எது ஜாஸ்தின்னு எப்படிச் சொல்றது?" என்றேன். கேட்டுவிட்டேனே தவிர, மொத்தம் யார் பக்கம் சாயும் என்று எனக்கும் தெரியாது. ரயிலில் பெருங்கூட்டம் வருகிறது என்றாள் தங்கை. கூட்டம் என்பது எண்ணிக்கை ஆகாதே.

திங்கள் காலை மாமா, தங்கை, நான் மூவரும் ரயில் ஏறினோம். அவள் புத்தகத்தை விரித்தாள். சிதம்பரம் வரும்வரை பக்கம் திருப்பவில்லை.

பலகையில் இருந்த அட்டவணையின் மேல்வரியில் தேறியவர், தவறியவர், மொத்தம் என்றிருந்தது. இடப்பக்கம் ரயில், ஹாஸ்டல். வரிசையோடு விரலை நகர்த்தினேன். ரயில்: அறுபத்து நான்கு, பதினாறு, வலது ஓரத்தில் எண்பது. ஹாஸ்டல்: பதினெட்டு, பன்னிரண்டு, முப்பது.

"எண்பதுல பதினாறு, அஞ்சுல ஒண்ணு. முப்பதுல பன்னெண்டு, அஞ்சுல ரெண்டு மாமா!" என் குரல் தாழ்வாரம் முழுக்கக் கேட்டது.

மாமா தாமும் ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்தார். "ரயில்ல ஆளு ஜாஸ்தி. அதான் பெயிலும் ஜாஸ்தியா தெரியுது," என்றார் மெதுவாக.

ரயிலில் வந்தால் தேறிவிடலாம் என்று அந்த அட்டவணை சொல்லவில்லை. ரயில் படிப்பைக் கெடுக்கிறது என்றும் அது சொல்லவில்லை. எங்களுக்கு அது போதும்.

அலுவலகச் சன்னல் திறந்தது. "என்ன வேணும்?" என்று கேட்டார் குமாஸ்தா. தங்கை மாமாவின் முகத்தையே பார்த்தாள்.

"ஒண்ணுமில்ல சார், ரிசல்ட் பாக்க வந்தோம்." பிறகு அவளிடம் திரும்பி, "மணி அடிச்சிட்டான், இன்னும் இங்க என்னடி வேடிக்க? கிளாஸுக்குப் போ," என்றார்.

அவள் ஓடினாள்.