நான் மேடையில் கொன்ற நடிகர்

அந்த நடிகரின் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. நான் அவருக்குச் செய்ததை அறிந்தால் அதன் நியாயம் உங்களுக்கே விளங்கும். அவர் நைஜீரியாவில் நடிகர்; படத் தயாரிப்பாளரும்கூட. நானோ விக்கிரமங்கலத்தில் ஏழாம் வகுப்பு மாணவி. மாவட்டப் பேச்சுப் போட்டிக்கு எங்கள் பள்ளி ஒருவரைத்தான் அனுப்பும் என்பதும், அந்த ஒருவர் நான்தான் என்பதும் எனக்கு உறுதியாகத் தெரிந்திருந்தன.

எங்கள் இருவரையும் இணைத்தவர் என் தாய்மாமா. ரெட்டிபாளையத்தில் சிமெண்ட் ஆலை வேலை பழகி, அதே வேலைக்காக நைஜீரியா சென்றவர். அவருடைய குடியிருப்பை ஒட்டி அந்த நடிகர் படமெடுக்க வந்தபோது, நின்றுபோன ஜெனரேட்டரை மாமா ஓடவைத்துக் கொடுத்தார். அன்றுமுதல் அந்த மனிதரின் வாழ்க்கை வாட்ஸ்அப் வழியாக எங்கள் வீட்டுக்குத் துண்டு துண்டாக வந்து சேர்ந்தது. படப்பிடிப்புகளில் விளக்குச் சுமந்தது. ஒற்றை வசனத்துக்காக நாள்கணக்கில் காத்திருந்தது. எவரும் வாய்ப்புத் தராதபோது மோட்டார் சைக்கிளை விற்றுத் தானே ஒரு படம் எடுத்தது. அதன் சிடிகளைப் பேருந்து நிலையத்தில் தானே கூவி விற்றது.

போட்டித் தலைப்பு ‘உழைப்பால் உயர்ந்தவர்’. என் தாளைப் படித்த தமிழ் அய்யா கண்ணாடியைக் கழற்றினார்.

“ஏம்மா, நம்மூர்ப் பக்கம் ஒழச்சவங்க யாருமே கெடைக்கலியா? இவரு பேரு நடுவர் வாயில நொழயாதே.”

“நொழையுற வரைக்கும் சொல்லுவேங்கய்யா.”

“மார்க் போட மாட்டாங்க.”

“கேட்டுட்டுப் போடாம இருக்கட்டுங்கய்யா.”

அய்யா சிரிக்கவில்லை. வெள்ளிக்கிழமை வகுப்பின் முன் பேச வேண்டும், ஓரிடத்தில் தடுமாறினாலும் வேறொருவரை அனுப்பிவிடுவேன் என்றார். அம்மா முந்திரிக்காட்டில் கொட்டை பொறுக்கிய மாலைகளில் நான் மரங்களுக்கு நடுவே நின்று பேசினேன். வெள்ளிக்கிழமை ஒரு சொல்லும் பிசகவில்லை. அய்யா கண்ட குறை ஒன்றே ஒன்று.

“முடிவு உருக்கமா இல்லம்மா. கேக்குறவன் கண்ணு கலங்கணும்.”

என் நோட்டிலிருந்த மாதிரி உரைகள் அனைத்தும் தலைவர்களைப் பற்றியவை. பிறப்பில் தொடங்கி இறப்பில் முடிபவை. ஒருவர் இறக்காமல் ஓர் உரை நிறைவுபெறும் என்பதை நான் அதுவரை கண்டதில்லை. நடிகரோ நலமாக இருந்தார். முந்தைய வாரம்கூட மாமாவின் தோளில் கைபோட்டுப் புகைப்படம் எடுத்துக்கொண்டிருந்தார். ஆயினும் உரைக்கென்று ஓர் ஒழுங்கு உண்டல்லவா? மரணத்துக்கு ஒரு நோயும் தேவைப்பட்டது. மாமா அப்போதுதான் மலேரியாவில் படுத்து எழுந்திருந்தார். அதையே எடுத்துக்கொண்டேன்.

போட்டி அரியலூரில். வேலைக்குப் போகாமல் உடன்வந்த அம்மா கடைசி வரிசையில் அமர்ந்தார். புதிய முடிவை அவரிடம் நான் சொல்லியிருக்கவில்லை.

“கொடிய மலேரியா அவரைக் கொண்டு சென்றது! உடல் மறைந்தது, உழைப்பு மறையவில்லை!” என்று முழங்கி, கற்றபடியே நிறுத்தி, அவையைப் பார்த்தேன். கடைசி வரிசையில் அம்மா முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தார், தோள்கள் குலுங்கின. என் பேச்சுக்கு அதுவரை எவரும் அழுததில்லை. எஞ்சிய இரண்டு வாக்கியங்களை இன்னும் நிதானமாகச் சொன்னேன்.

பெரம்பலூரிலிருந்து வந்திருந்த சிறப்பு விருந்தினர் ஒலிவாங்கியைக் கையில் வாங்கினார். “எங்கயோ பொறந்த மனுசன். இருந்தாலும் கலைஞன். எல்லாரும் எந்திரிச்சு ஒரு நிமிசம் மௌனமா நிப்போங்க.”

நடுவர்கள் எழுந்தனர். அய்யா எழுந்தார். உயிரோடிருந்த ஒருவருக்காக அரங்கமே தலைகுனிந்து நின்றது. நான் மட்டும் நிமிர்ந்து நின்றேன். முதல் பரிசு எனக்கே.

திரும்பும் பேருந்தில் அம்மா பரிசுக் கோப்பையைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. கைப்பேசியை அழுத்துவதும் காதில் வைப்பதுமாக இருந்தார். இணைப்புக் கிடைக்கவில்லை. வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் மாமா எடுத்தார்.

“தம்பி, அந்த நடிகரு மலேரியாவுல போயிட்டாராமே. எங்கிட்ட ஏன்டா சொல்லல?”

“யாரு சொன்னாக்கா? இப்பத்தான் எங்கூட டீ குடிச்சிட்டுப் போறாரு.”

அம்மா என்னைப் பார்த்தார். கோப்பையைச் சற்றே தாழ்த்தினேன். அம்மா திட்டவில்லை, கைப்பேசியை மறுகாதுக்கு மாற்றிக்கொண்டார்.

“சரி, அத வுடு. நீ மாத்திரய முழுசா சாப்புட்டியா? மேலு சுடுதா இன்னமும்? மறைக்காமச் சொல்லு. எப்படா வர்ற?”

மாமா ஏதோ சொன்னார். அம்மா ‘ம்’ கொட்டினார். பேசி முடித்துக் கைப்பேசியை மடியில் வைத்துக்கொண்டு மீண்டும் அழத் தொடங்கினார்.

எனக்கு இரக்கமாகிவிட்டது. அருகில் அமர்ந்தேன். “அவருக்கு ஒண்ணும் ஆவலம்மா. பேச்சுக்காக நான்தான் சொன்னேன். அழாத” என்றேன்.

நடிகர் உயிரோடிருப்பது தெரிந்த பிறகும் ஒருவர் எதற்காக அழ வேண்டும் என்பது, முதல் பரிசு பெற்ற எனக்கு விளங்கவேயில்லை.