முதலை வாயும் கண்ணாடி போட்ட ஆமையும்

தொழிற்சாலை ஆய்வாளராக முப்பத்து நான்கு வருடம் இருந்தவனுக்கு ஓய்வுபெற்ற பின் ஒரே ஒரு வேலைதான் கிடைக்கும். யாரையெல்லாம் அதுவரை மாட்டிவிடப் பார்த்தானோ அவர்களுக்கு, மாட்டிக்கொள்ளாமல் இருப்பது எப்படி என்று சொல்லித்தருவது. அதற்குப் பாதுகாப்பு ஆலோசகர் என்று பெயர். நானும் ஆனேன். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஒரு பிளாஸ்டிக் பொம்மைத் தொழிற்சாலை. வாரத்தில் மூன்று நாள். ஒரு மேசை, ஒரு மின்விசிறி, பதினோரு பதிவேடுகள். என் பழைய நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவர் எந்த நேரத்தில் வந்து புரட்டினாலும் அந்தப் பதினொன்றில் ஒரு குறை இருக்கக் கூடாது. இருக்கவும் இல்லை. குறைகளெல்லாம் இயந்திரங்களில் இருந்தன.

நாங்கள் செய்தவை இரும்பு மிருகங்கள். இரும்பு என்பது பேச்சுக்கு; பிளாஸ்டிக்கின் மேல் வெள்ளிப் பூச்சு. எப்போதோ வெளிநாட்டில் எடுத்த ஒரு கார்ட்டூனின் பொம்மைகள். அல்லது பொம்மைகளை விற்பதற்காக எடுத்த கார்ட்டூன். எது முதலில் வந்தது என்று எனக்குக் கடைசிவரை தெரியவில்லை. தமிழில் பேசவைத்து, சாப்பாட்டு நேரத்தில் கேபிளில் காட்டுவார்கள். கேன்டீன் டிவியில் எல்லோரும் பார்ப்பார்கள். கதாநாயகன் ஒரு சிவப்புக் காண்டாமிருகம். இரண்டு காலில் நின்று வாள் சுழற்றும். எங்கள் ஆட்கள் அதைக் கொம்பன் என்பார்கள். எதிரி ஒரு கறுப்பு முதலை. தினமும் வெட்டு, குத்து, வெடி. ஆனால் யாரும் சாகமாட்டார்கள். பிய்ந்த கால் மறுநாள் ஒட்டிக்கொள்ளும். செத்தால் பொம்மை விற்காது என்ற நடைமுறை எனக்குப் புரியக்கூடியதாகவே இருந்தது.

ஒருநாள் முதலை, கொம்பனின் வலது கையை வாளோடு கடித்து விழுங்கியது. கொம்பன் நெருப்புப் பள்ளத்தில் விழுந்தான். மறுநாள் எல்லோரும் சீக்கிரம் தட்டோடு உட்கார்ந்தால், டிவியில் முதல் பாகம் மறுபடி ஓடியது. அதற்கு மேல் கதை இல்லை. பேக்கிங்கில் இருந்த வயதான அம்மாள் கேபிள்காரனின் ஏழு தலைமுறையையும் திட்டினாள்.

சில வாரம் கழித்துப் புது அட்டைப்பெட்டிகள் வந்தன. அதே மிருகங்கள்தாம். ஆனால் கண் பெரிதாக, இடுப்பு ஒல்லியாக, வேறு ஒரு கை வரைந்தது தெரிந்தது. சூப்பர்வைசர் பையன் பிரவுசிங் சென்டரில் போய்ப் படித்துவிட்டு வந்தான்.

“பழைய கம்பெனி ஊத்திக்கிச்சு. மீதிக் கதைய வேற கம்பெனி எடுக்குதாம்.”

“இன்னா கதையாம்?” என்றாள் மூன்றாம் நம்பர் மிஷினை ஓட்டும் பெண். ஆரம்பாக்கத்திலிருந்து ரயிலில் வருபவள். முப்பத்தைந்து வயது இருக்கும்.

“அது போடல யக்கா.”

“போடாட்டி இன்னா? மோல்டு வந்துகீதுல்ல” என்றாள் அவள்.

அங்கேதான் ஆரம்பித்தது. இந்த ஆட்கள் கதையை டிவியில் தேடவில்லை. வந்திறங்கிய அச்சுகளில் படித்தார்கள்.

“தோ பாரு. கொம்பனுக்கு ஒடம்பு வந்துகீது, ரெண்டு காலு வந்துகீது, எடது கை வந்துகீது. சோத்துக் கை எங்க? தோள்ல வெறும் மொட்டைதான் கீது. இந்தக் கம்பெனிக்காரன் கைய ஒட்டமாட்டான்.”

“சும்மா பேஜாரு பண்ணாத யக்கா. ஈரோவுக்குக் கை இல்லாம எவனாவது படம் எடுப்பானா? தங்கத்துல கை வெப்பான் பாரு.”

“தங்கக் கைக்கு மோல்டு எங்க நைனா? முதலைக்கு இந்தவாட்டி வவுத்துல கதவு வெச்சிக்கிறான், பாத்தியா? கை அங்கதான் கீது. கொம்பன் அத்த எடுக்க வாய் வழியா உள்ள பூருவான்.”

“பூந்தா?”

“பூந்தா வாய் மூடும். தோள்லருந்து இடுப்பு வரிக்கும் பொளந்துரும்.”

அன்றிலிருந்து தினமும் சாப்பாட்டு நேரத்தில் ஒரு பாகம் சொன்னாள். புதுக் கம்பெனி எப்படி எடுக்கும் என்பது அவளுக்குத்தான் தெரியும் என்று எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள். எவன் அச்சு திருப்பி அனுப்பப்பட்டதோ அவன் சாக வேண்டும். இது அவளுடைய விதி. கழுகின் இறக்கைகள் பிடுங்கப்பட்டன. ஓநாயின் தாடை கிழிக்கப்பட்டு, அந்தத் தாடையாலேயே அதன் வயிறு கிழிக்கப்பட்டது. குதிரையை முதலை மூன்று நாள் மென்றது.

“ஏம்மா, அந்தக் குருதையையாவது உட்டுடேன்” என்று பேக்கிங் அம்மாள் கெஞ்சினாள்.

“மோல்டு போய்ட்ச்சே யக்கா. நான் இன்னா பண்ண முடியும்?”

அவளுக்கு முன்பு மூன்றாம் நம்பரை ஓட்டியவரைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். அந்த மிஷினில் இரண்டு இரும்பு அச்சுகள் வந்து மூடும். உருகிய பிளாஸ்டிக் உள்ளே பாயும். திறந்தால் துண்டு விழும். முன்னால் ஒரு தடுப்புக் கதவு. கதவு திறந்திருந்தால் அச்சு மூடக் கூடாது. அதைப் பார்த்துக்கொள்ள ஒரு லிமிட் சுவிட்ச் உண்டு. அந்தச் சுவிட்சைக் கட்டுக்கம்பியால் அழுத்திக் கட்டிவிட்டால், கதவு மூடியிருப்பதாக மிஷின் நம்பிக்கொள்ளும். ஒவ்வொரு துண்டுக்கும் சில விநாடி மிச்சம். அப்படித்தான் கட்டியிருந்தார்கள். ஒட்டிக்கொண்ட ஒரு துண்டை எடுக்க அவர் உள்ளே கை விட்டார். அச்சு மூடியது. மூன்று விரல்கள். அன்று அந்த அச்சிலிருந்து விழுந்தது காண்டாமிருகத்தின் கால். அது எப்போதுமே சிவப்பு. அதனால் பேக்கிங்கில் கையில் எடுத்துத் துடைக்கும்வரை யாருக்கும் தெரியவில்லை.

விபத்துப் பதிவேட்டில் காரணம் என்று ஒரு பத்தி உண்டு. அதில் ‘ஊழியரின் கவனக்குறைவு’ என்று எழுதினேன். முப்பத்து நான்கு வருடமாக எழுதிப் பழகிய இரண்டு சொற்கள். பேனா தானாகவே போகும். கம்பி அவிழ்க்கப்படவில்லை. அந்த இடத்துக்கு இவள் வந்தாள்.

வந்த வாரமே என் மேசைக்கு வந்து நின்றாள். “சார், அந்தக் கம்பிய அவுக்கச் சொல்லு சார்.”

நடைமுறையைச் சொன்னேன். எழுத்து மூலம் புகார், சூப்பர்வைசரின் ஒப்பம், பராமரிப்புப் பிரிவின் குறிப்பு, பிறகு பாதுகாப்புக் குழுக் கூட்டம்.

“அதுக்குள்ள கை இருக்குமா சார்?”

“பார்த்து வேலை செய்யுங்க” என்றேன். மாதக் கடைசியில் ‘தடுப்புக் கதவுகள் நல்ல நிலையில் உள்ளன’ என்ற வரியின் கீழ் வழக்கம்போல் கையெழுத்துப் போட்டேன்.

அடுத்த பாகத்தில் ஓர் ஆமை வந்தது. அதற்கு அச்சே கிடையாது.

“முதலை நாக்குக்கு அடியில ஒரு ஆமை குந்திக்கினு கீது. கண்ணாடி போட்ட ஆமை. கொம்பன் உள்ள பூர்றதுக்கு முன்ன கேக்குறான், ஆமையாரே, வாய் மூடாதுல்லனு. ஆமை நோட்டப் பொரட்டுது. மூடாது, போன மாசம்தான் கையெழுத்துப் போட்டேன்னு சொல்லுது.”

கேன்டீனே சிரித்தது. யாரும் என்னைப் பார்க்கவில்லை. அத்தனை பேரும் ஒரே நேரத்தில் தத்தம் சோற்றை அவ்வளவு கவனமாகப் பார்த்து நான் கண்டதில்லை.

மறுநாள் காலை பதினோரு மணி இருக்கும். மூன்றாம் நம்பரில் முதலையின் தாடை வார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு தாடை அச்சில் ஒட்டிக்கொண்டது. அவள் உள்ளே கை விடவில்லை. பித்தளைக் கம்பியை விட்டு நெம்பினாள். அச்சு மூடியது. அந்தச் சத்தம் என் மேசை வரை கேட்டது. எலும்பாக இருந்தால் அவ்வளவு சத்தம் வராது என்பது எனக்குத் தெரியும். ஓடிப்போனேன். விரல் தடிமன் கம்பி சப்பாத்திபோல் தட்டையாகி வெளியே வந்தது. அது நசுங்கிய இடத்துக்கும் அவள் பிடித்திருந்த இடத்துக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை.

சூப்பர்வைசர் எட்டிப் பார்த்தான். “கை இருக்குதுல்ல? அப்பறம் இன்னா யக்கா, ஓட்டு, ஆர்டர் நிக்குது.”

அவள் அவனைப் பார்த்தாள். பிறகு அந்தக் கம்பியை இரண்டு கையாலும் ஓங்கி மிஷினின் கன்ட்ரோல் பேனலில் அடித்தாள். கண்ணாடி தெறித்தது. மறுபடி அடித்தாள். பட்டன்கள் உதிர்ந்தன. தடுக்கப் போனவனின் முழங்கையில் ஒன்று விழுந்தது; அவன் கத்திக்கொண்டு உட்கார்ந்தான்.

“கிட்ட வந்த, அடுத்தது மண்டைதான்!”

மொத்தம் ஏழு அடி. மிஷின் நின்றது. அவள் நேராக என் மேசைக்கு வந்து, கம்பியைப் பதிவேடுகளின் மேல் போட்டாள்.

“எழுது சார். இன்னாவோ எழுதுவியே. எழுது.”

மேலாளருக்குச் சந்தேகமே இல்லை. வேண்டுமென்றே இயந்திரத்தை உடைத்தல், மேலதிகாரியைத் தாக்குதல். சாயங்காலத்துக்குள் அவளை வெளியே அனுப்ப வேண்டும், போலீசுக்கும் சொல்ல வேண்டும். அதற்கு என் அறிக்கை வேண்டும். “அரை மணியில குடுங்க சார்” என்று சொல்லிவிட்டுத் தலைமை அலுவலகத்தோடு போனில் பேசப் போனார்.

எனக்கு அந்த அரை மணி போதும். ஆபத்தான நிகழ்வு என்று ஒரு படிவம் உண்டு. அது ஆய்வாளர் அலுவலகத்துக்குப் போய்விட்டால், அவர் வந்து பார்க்கும்வரை அந்த மிஷினையும், அதில் கட்டிய கம்பியையும் யாரும் தொடத் துணியமாட்டார்கள். கண்ணால் கண்ட சாட்சியாக ஒருத்தியின் பெயர் அதில் இருந்தால், விசாரணை முடியும்வரை அவளையும் தொடமாட்டார்கள். இதையெல்லாம் நான் வேறு பலருக்கு எதிராகப் பயன்படுத்தியிருக்கிறேன். உதவியாக ஒருமுறையும் இல்லை.

காரணம் என்ற பத்தி வந்தது. பேனா ‘ஊழியரின்’ என்று எழுதிவிட்டது. அடித்து, பக்கத்தில் சுருக்கொப்பமிட்டு, எழுதினேன்: லிமிட் சுவிட்ச் கட்டுக்கம்பியால் கட்டப்பட்டிருந்தது, இதை ஆலோசகர் அறிவார். சேதம் என்ற பத்தியில், அச்சு கடித்த வேகத்தில் பித்தளைக் கம்பி தெறித்து கன்ட்ரோல் பேனல் உடைந்தது என்று எழுதினேன். நானே பேக்ஸ் மிஷினில் வைத்து அனுப்பினேன்.

பிற்பகலில் என் பழைய நாற்காலிக்காரர் வந்தார். பித்தளைக் கம்பியைப் பார்த்தார். பேனலைப் பார்த்தார்.

“சார், ஒரு கம்பி ஏழு தடவை தெறிச்சுதா?”

“வேகமான மிஷின்.”

அவர் பதிவேட்டைப் புரட்டிப் போன மாதத்துப் பக்கத்தில் விரல் வைத்தார். “இது உங்க கையெழுத்துதானே?”

“ஆமாம்.”

“நான் என்ன எழுதட்டும்?”

“உள்ளதை எழுதுங்க. தேதி போட மறந்துடாதீங்க.”

புதுப் பேனல் வந்தது. லிமிட் சுவிட்சும் புதிதாக வந்தது; கம்பி கட்டப்படவில்லை. அவளுக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள், அதோடு விட்டார்கள். சூப்பர்வைசர் கையில் கட்டோடு, துண்டு குறைகிறது என்று முனகிக்கொண்டு திரிந்தான். எனக்குக் கடிதம்கூட இல்லை. மாதக் கடைசியோடு போதும் என்றார்கள்.

புதுக் கம்பெனியின் படம் பின்னாளில் கேபிளில் வந்தது. வீட்டில் உட்கார்ந்து பார்த்தேன். முதல் நாளே கொம்பனுக்குக் கை முளைத்திருந்தது. காரணம் சொல்லப்படவில்லை.

ஆனால் என் கடைசி நாள் மத்தியானம் கேன்டீனில் கதை வேறு மாதிரி முடிந்தது. கொம்பன் பாதி உடம்பு உள்ளே போய்விட்டான். மேல் தாடை இறங்குகிறது. அங்கே நிறுத்திவிட்டு அவள் சோறு சாப்பிட்டாள்.

“அப்புறம்?” என்று கேட்டது நான்தான்.

“ஆமை நடுவுல போய்ப் படுத்துச்சு சார். ஓடு நொறுங்கிச்சு. முதலைக்குப் பல்லு பூரா போச்சு. கொம்பன் வெளிய வந்துட்டான், ஒத்தைக் கையோட.”

“ஆமை?”

“செத்துட்ச்சு.”

“பிழைக்கவைக்க வழியே இல்லையா?”

“பொழைக்கிறதெல்லாம் பழைய கம்பெனி சார்.” தட்டை வழித்துவிட்டு எழுந்து, பக்கத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த பேக்கிங் அம்மாளைக் காட்டினாள். “இந்த யக்கா மட்டும் கொஞ்சம் அழுதாங்க. நான் அழல.”